துப்பாக்கிக்காக நடத்திய இடைத்தேர்தல்

எங்கள் வீட்டில் தேர்தல் தேதி அறிவித்தால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் அம்மிதான்; அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். யார் நிற்கிறார்கள், யார் ஜெயிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தேதி அறிவித்துவிட்டால், லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அப்பாவின் ரிவால்வர் வீட்டில் இல்லாத அந்த வாரங்களில்தான் அம்மி நிம்மதியாகத் தூங்குவாள். "வருஷா வருஷம் எலெக்ஷன் வெச்சா இன்னா, கவர்மெண்டு குடி முழுகிடுமா?" என்பாள். மற்ற நாட்களில் அது அப்பாவின் தலையணைக்குக் கீழே படுத்திருக்கும். அம்மி அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். வீட்டில் உருதுவும் தமிழும் ஒரே தட்டில் பிசைந்த சோறு மாதிரி; எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்கே தெரியாது. நான் வாணியம்பாடியில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். "பாய் வீட்டுப் பொண்ணு தமிழ் வாத்தியாரா?" என்று வியக்காத ஆளே கிடையாது. முதல் பத்துப் பேரிடம் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம் முறைக்க ஆரம்பித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறேன். அதனால் அந்த வீட்டு நல்லது கெட்டது எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

அப்பா தோல் பதனிடுகிற டேனரி நடத்தியவர். கூலியை ரொக்கமாகக் கொடுத்த காலத்தில் சனிக்கிழமைதோறும் வேலூர் போய் பேங்கிலிருந்து பணம் எடுத்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு காரில் திரும்புவார். ஒருமுறை வழியில் இன்னொரு டேனரிக்காரரின் காரை மறித்து, அவர் தோளில் வெட்டிப் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றே அப்பா லைசென்ஸுக்கு மனு எழுதினார். தாசில்தார் விசாரணை, போலீஸ் விசாரணை, அக்கம்பக்கத்தில் விசாரணை என்று அது இழுத்த இழுப்பில் இன்னொரு மகளுக்குக் கல்யாணமே பேசி முடித்திருக்கலாம். கடைசியில் கிடைத்தது.

அதற்கு உறை தைக்க வெளியே தோல் வாங்கவில்லை. தன் டேனரியில் பதம் செய்த ஆட்டுத்தோலில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, கறுப்புச் சாயம் ஏற்றி, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற ஓர் ஆளிடம் கொடுத்துத் தைக்க வைத்தார். அரைக்கைச் சட்டையை வெளியே விட்டு, உறையை உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்வார். வெளியே தெரியவே தெரியாது. ஆனால் ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும். அதில்தான் அவருக்குப் பெருமை. "காட்டினா ரவுடி, மறைச்சா முதலாளி" என்று சொல்வார். கல்யாண வீடுகளில் யாராவது பையன்கள், "பாய், மாப்ள வரும்போது வானத்தைப் பார்த்து ஒண்ணு விடுங்களேன்" என்று கேட்டால் அன்று முழுக்க அந்தக் குடும்பத்தோடு பேச மாட்டார். டேனரி நடத்திய காலம் முழுக்க அவர் அதை ஒருவர் மீதும் நீட்டியதில்லை.

அப்பாவுக்குக் கார் ஓட்டியவர் அமிர்திப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவரோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, துப்பாக்கி கூடவே இருந்ததால் தைரியமாக ஓட்டியிருப்பீர்களே என்று கேட்டுவைத்தேன்.

"இன்னாம்மா தைரியம்? நாம வெறுங்கையோட இருந்தா பையைக் குடுத்துட்டு உயிரோட வூட்டுக்குப் போலாம். முதலாளிகிட்ட துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சா அவனும் ஒண்ணை எடுத்துட்டு வருவான். முதல் குண்டு யாருக்கு? ஸ்டியரிங் புடிச்சவனுக்குத்தான்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்க ஊர்ல காட்டுப்பன்னி வந்து கல்லக்கா கொல்லையை ஒரு கடலை வுடாம நாசம் பண்ணுது. நாங்க லைசென்ஸ் கேட்டா நாயா பேயா அலைய விடுறாங்க. அதையும் சொல்லணுமில்ல" என்றார்.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் இந்த மனிதர் சொன்னதைவிட நியாயமாக இரண்டு பக்கத்தையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நடந்த விவாதத்தில் நியாயம் இருந்ததோ இல்லையோ, சத்தம் நிறைய இருந்தது. கூலி எல்லாம் பேங்க் கணக்குக்கே போக ஆரம்பித்த பிறகு, டேனரியையும் குத்தகைக்கு விட்ட பிறகு, இனி அது எதற்கு என்று நான் கேட்டேன். அண்ணனுக்கு அது வேண்டும். அப்பாவுக்குப் பிறகு தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது என்று அவன் ரொம்ப நாளாகவே முடிவு செய்து வைத்திருந்தான்.

"ஊர் கெட்டுக் கிடக்கு. பைபாஸ்ல கஞ்சா அடிச்சிட்டுச் சுத்துறானுங்க. அமெரிக்காவுல பாரு, சாதாரண ஜனம்கூட சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டு கடைக்குப் போவுது" என்பான்.

"அதே அமெரிக்காவுலதான் ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு, எவனாவது சுட வந்தா டெஸ்க்கு கீழ எப்படி ஒளியறதுன்னு சொல்லிக் குடுக்குறாங்க. என்னையும் சொல்லிக் குடுக்கச் சொல்றியா?" என்பேன்.

அப்பா இருவரையும் ஒரே அதட்டலில் அடக்குவார். "சட்டப்படி வாங்கினது. சட்டம் கேட்டா குடுப்பேன். நீங்க ரெண்டு பேரும் யாரு கேக்குறதுக்கு?"

இதை அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. தேர்தல் தேதி டிவியில் வந்த மறுநாள் காலையிலேயே வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு துணிப்பை. அதில் ரிவால்வரும் தோட்டாக்களும். மற்றவர்களுக்கெல்லாம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு அப்படி யாரும் வந்ததே இல்லை. அது அவருடைய கௌரவம். ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். உறையை மட்டும் ஸ்டேஷனில் வாங்க மாட்டார்கள். அது அலமாரியில் தொங்கும்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, செருப்பு. அடுத்தது தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்ற குழப்பம். ஒருநாள் பள்ளிவாசலிலிருந்து கிளம்பி, எங்கள் தெருவைத் தாண்டி, விற்றுப் பல வருஷமான பழைய வீட்டின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு எனக்கு போன் செய்தார்கள். வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். கேஸ் அடுப்பைப் பூட்டிவையுங்கள், வண்டிச் சாவியை ஒளித்துவையுங்கள், தனியாக அனுப்பாதீர்கள் என்று அவர் வரிசையாகச் சொன்னார். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு டாக்டருக்கு அப்படிக் கேட்கத் தோன்றாது. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியாக லைசென்ஸைப் புதுப்பித்தபோது அப்பா நன்றாக இருந்தார், டாக்டர் சர்டிபிகேட்டும் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்துக்கு இன்னும் காலம் இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள மனிதர்.

ஒரு மத்தியானம் நானும் அம்மியும் ஒரு மௌத் வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மி புர்காவைக்கூடக் கழற்றாமல், முகத்திரையோடு நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்க்கப் போனாள், வேறொன்றுமில்லை. நான் பின்னாலேயே போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் ரிவால்வர். அது அம்மியின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"யாரு?" என்றார்.

அம்மி மெதுவாக முகத்திரையைத் தூக்கினாள். நான் ஒரு பெருமூச்சு விட்டேன். சரி, முகம் தெரியாததால்தானே, தெரிந்தால் சரியாகிவிடும் என்று. அப்பா அந்த முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். கை இறங்கவில்லை.

"யாரு நீங்க?" என்றார் மறுபடியும்.

ஆயுசு முழுக்க அவளை நீ என்று கூப்பிட்டவர். கத்தினால் சுட்டுவிடுவாரோ, நகர்ந்தால் சுட்டுவிடுவாரோ என்று எதுவும் செய்ய முடியாமல் நின்றேன். வகுப்பில் அத்தனை பிள்ளைகளையும் ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான். அம்மிதான் பேசினாள். தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"சாய் போடட்டுமா?"

அப்பா யோசித்தார். "போடுங்க. சக்கரை கம்மியா" என்றார். துப்பாக்கியைத் தலையணை மேல் வைத்துவிட்டுக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

அம்மி சமையலறைக்குப் போய் உண்மையாகவே சாய் போட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. "பார்த்தியா, மூஞ்சியைக் காட்டியும் தெரியல" என்று மட்டும் சொன்னாள். சுட்டிருப்பாரோ என்பது அவளுக்கு இரண்டாவது கவலைதான்.

அன்று சாயந்திரம் அண்ணன் தோட்டாக்களை எடுத்து ஒளித்துவைத்தான். எதை மறந்தாலும் தோட்டாக்களை எண்ணிப் பார்ப்பதை மட்டும் அப்பா மறக்கவில்லை. வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று பீரோவைப் புரட்டிப் போட்டு, குறுக்கே போன அண்ணனின் கையை முறுக்கிவிட்டார். வேறு வழியில்லாமல் திருப்பி வைத்தோம். பிறகு துப்பாக்கியையே ஒளித்தோம். அது அதைவிட மோசம். லைசென்ஸ் துப்பாக்கி காணாமல் போனால் உடனே புகார் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். வெறுங்காலோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். பாதி வழியில் கல் தடுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம். பிடித்து அழைத்து வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி விசும்பிக்கொண்டே வந்தார். "என் மானம் போச்சு பேட்டி, போச்சு மகளே. எங்கேயோ வெச்சித் தொலைச்சிட்டேன்னு சொல்லுவாங்க." அதையும் திருப்பி வைத்தோம். அதைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து நான் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் நின்று குசுகுசுவென்று பேசினோம். பறித்தால் சண்டை. ஒளித்தால் போலீஸ். விட்டால் அம்மியின் உயிர். அண்ணன் பேஜாராகிப்போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அம்மி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு தானா எப்போ எடுத்துக் குடுப்பாரு? எலெக்ஷனுக்குத்தானே? ஒரு எலெக்ஷன் வெச்சிடுங்க."

"இப்போ ஏது எலெக்ஷன்?" என்றான் அண்ணன்.

"அவருக்கு இப்போ எது இருக்கு, எது இல்ல?" என்றாள் அம்மி.

அண்ணன் முதலில் ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தான். அங்கிருந்த ரைட்டருக்கு வீட்டில் அப்பாவைப் போலவே ஒரு மாமனார் இருந்தாராம். நிலைமையைக் கேட்டதும், நேரில் கூட்டிவாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் நான் அப்பாவிடம் போய், "அப்பா, எலெக்ஷன் தேதி சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான். அந்த மனிதர் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டை, தொப்பி, துணிப்பை. பல மாதமாகத் தானாகப் பொத்தான் போடத் தெரியாதவர் அன்று அத்தனை பொத்தானையும் ஒழுங்காகப் போட்டார்.

ஸ்டேஷனில் ரைட்டர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். நம்பரைச் சரிபார்த்தார், தோட்டாக்களை எண்ணினார், ரசீது எழுதினார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. தேர்தல் மட்டும்தான் இல்லை. அப்பா சுவர்களைப் பார்த்தார். போஸ்டர் எதுவும் இல்லை.

"இன்னா எலெக்ஷன் இது?" என்றார்.

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். "இடைத்தேர்தல் பாய்" என்றார் ரைட்டர், திடீரென்று தோன்றியதைப் பிடித்துக்கொண்டு.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "அடடா. யாரு மௌத்தா போனது?"

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இடைத்தேர்தல் என்றால் யாராவது செத்திருக்க வேண்டுமே. ரைட்டர் தலையைச் சொறிந்தார். "நம்ம எம்.எல்.ஏ.தான் பாய். ரொம்ப நாளா உடம்பு முடியல."

அப்பா இரு கைகளையும் ஏந்தி, இல்லாத சாவுக்கு துஆ கேட்டார். நாங்களும் கை ஏந்தி நின்றோம். பக்கத்தில் புகார் கொடுக்க வந்திருந்த ஒரு பெண் என்ன ஏது என்று தெரியாமலே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் அண்ணன் காருக்குப் பின்னால் போய் நின்று வெடித்துச் சிரித்தான். சிரித்து முடித்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நம்ம அப்பாவை ஏமாத்திட்டோம்ல" என்றான்.

அதற்கப்புறம் டாக்டரின் கடிதத்தை வைத்து மனு கொடுத்து லைசென்ஸை ரத்து செய்ய ஏற்பாடு நடந்தது. அண்ணன் கடைசி முறையாகத் தன் பெயருக்கு மாற்றுகிற பேச்சை எடுத்தான். "நான் தலையணைக்குக் கீழ வெக்க மாட்டேன் அம்மி, லாக்கர்லதான் வெப்பேன்" என்றான். அம்மி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க அப்பாவும் நல்ல புத்தியோடதான் வாங்கினாரு. நாளைக்கு உன் புத்தி எங்க இருக்கும்னு யாரு கண்டா? எடுத்துட்டு வா. என்னை உன் தங்கச்சி வீட்ல விட்டுட்டு எடுத்துட்டு வா" என்றாள். துப்பாக்கி முறைப்படி எங்கள் கையை விட்டுப் போனது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அவருக்குத் தேர்தல் நடந்துகொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் அலமாரியிலிருந்த வெற்று உறையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். ரசீதைத் தொட்டுப் பார்ப்பார். நான் போனதும் முதல் கேள்வி, "எண்ணிக்கை எப்போ?"

"தள்ளிப் போட்டுட்டாங்கப்பா."

"ஏன்?"

"மழை." வெயில் கொளுத்தும் நாளில் மழை என்று சொல்வேன். சில நாள் கோர்ட் கேஸ் என்பேன். அவர் தேர்தல் கமிஷனைத் திட்டுவார். முனையிலிருக்கும் டீக்கடைக்காரருக்கும் பள்ளிவாசலில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் அண்ணன் சொல்லிவைத்திருந்தான். அவர்களும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "ஆமா பாய், இன்னும் தேதி குடுக்கல" என்பார்கள். சாகாத எம்.எல்.ஏ. வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்த ஒரு வாரம் மட்டும் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். நாங்கள் ஒரு தொகுதியையே நடத்திக்கொண்டிருந்தோம்.

அம்மிக்கு இப்போது தூக்கம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அவள் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டாள். அந்த மத்தியானத்துக்குப் பிறகு வெளியே போய்விட்டு வந்தால், வாசற்படிக்கு வெளியே தெருவிலேயே நின்று முகத்திரையை எடுத்துவிடுகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் வெளி ஆண் ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது கீரைக்காரர் பார்க்கிறார், கேபிள்காரர் பார்க்கிறார். துப்பாக்கிதான் இல்லையே, ஏன் இப்படி என்று கேட்டேன். "அவரு பயப்படக் கூடாதில்ல" என்றாள். அவர் பயந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கி பிடித்திருந்த ஆள் பயந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நிஜமான தேர்தலே வந்துவிட்டது. தெருவில் ஆட்டோக்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றின. "கடைசியில வெச்சிட்டாங்க" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போனோம். விரலில் வைத்த மையை அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் மழை என்றும் கோர்ட் என்றும் தள்ளிப்போட்டேன். ஊரே முடிவைச் சொல்லும்போது எந்த வாயால் தள்ளிப்போடுவது?

எண்ணிக்கை நாளில் நான் காலையிலேயே போய்விட்டேன். டிவி ஒயரைப் பிடுங்கிவைத்தோம். மத்தியானத்துக்கு மேல் தெருமுனையில் சரவெடி வெடித்தது. ஒன்று ஓய்ந்ததும் இன்னொன்று. அப்பா அறையிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறியிருந்தன. இடுப்பில் உறை. கையில் ரசீது, மடித்து மடித்துத் துணி மாதிரி நைந்துபோன ரசீது.

"முடிஞ்சிருச்சு. வா பேட்டி, போய் எடுத்துட்டு வந்துடலாம்."

"இன்னாப்பா அவசரம்? இன்னிக்கு ஸ்டேஷன்ல ஒரே கூட்டமா இருக்கும். நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு ஆவாது." என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ சின்னப் பொண்ணு, பயந்துடுவேன்னு சொல்லல. வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை வர்றா. மூஞ்சியை மூடிக்கிட்டு. ஒரு நாள் இந்த ரூம் வரைக்கும் வந்துட்டா. நான் துப்பாக்கியை எடுத்ததும் அப்படியே நின்னுட்டா. அப்புறம் நைசா, சாய் போடட்டுமான்னு கேக்குறா. நான் ஏமாந்துட்டேன் பேட்டி. கையை இறக்கிட்டேன்." என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அன்னியிலேர்ந்து உங்க அம்மியைக் காணோம்."

இத்தனை மாதமும் அவர் கௌரவத்துக்காகத்தான் துப்பாக்கியைக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான், டீக்கடைக்காரரும் அப்படித்தான் நினைத்தார். அவர் அம்மியைக் காப்பாற்ற அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது அம்மி அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

அவள் உள்ளே வந்து, கட்டிலில் உட்காராமல், எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள், விருந்தாளி உட்காருகிற மாதிரி.

"அவங்க நல்லா இருக்காங்க" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இந்த வீட்லதான் இருக்காங்க."

"பயப்படுறாளா?"

"அன்னிக்குப் பயந்தாங்க. இப்போ பயம் இல்ல."

அப்பா கொஞ்ச நேரம் ரசீதைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே இன்னொரு சரம் வெடித்து ஓய்ந்தது. பிறகு அவர் இடுப்பில் கை வைத்து, தடுமாறித் தடுமாறி, உறையின் வாரை அவிழ்த்தார். அதை அம்மியிடம் நீட்டினார்.

"இதை அவகிட்ட குடுத்துருங்க. அடையாளம் தெரியும் அவளுக்கு. நாளைக்கு மத்ததை எடுத்துட்டு வந்துடுறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் அம்மி. இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அது அவருக்குச் சாய் கொடுக்கிற நேரம். சாய் போடட்டுமா என்று கேட்க அம்மி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்து, நீ கேள் என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள். நான் கேட்டேன். அப்பா தலையாட்டினார். சமையலறைக்குப் போய் நானே போட்டேன், சக்கரை கம்மியாக.